ஆபீஸ் குப்பையை வித்தா அந்தப் பணம் யாரோடது? மறுசுழற்சி டீம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய கணக்கு



போன மாசம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது, ஆபீஸ் ஓஎம்ஆர்ல. தினமும் பெருங்குடி குப்பைக் கிடங்கைத் தாண்டித்தான் வேலைக்குப் போறாராம். அந்தப் பக்கம் பைக்ல போனவங்களுக்கு நான் மேல சொல்லவே வேண்டாம். அவர் கேட்டது இதுதான்: "எங்க ஃப்ளோர்ல 150 பேர் இருக்கோம். நாங்க நாலு பேர் சேர்ந்து பேப்பர், அட்டைப்பெட்டி, பாட்டில் எல்லாத்தையும் தனியாப் பிரிச்சு வித்து, வர்ற பணத்தை ஒரு நல்ல காரியத்துக்குக் குடுக்கலாம்னு இருக்கோம். இதுக்கு டாக்ஸ் ஏதாவது வருமா அண்ணா?"

நல்ல எண்ணம். டாக்ஸ் பதிலைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அவர் கேக்காம விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தப் பணம் யாரோடது?

இதை நான் சும்மா கேக்கல. சிஏ முடிச்ச புதுசுல இன்டர்னல் ஆடிட் நிறைய பண்ணிட்டிருந்தேன். ஒரு கம்பெனியில, பேர் வேண்டாம், வாரம் முழுக்க அட்டைப்பெட்டி வந்து இறங்கிட்டே இருக்கும். ஆனா லெட்ஜர்ல ஸ்கிராப் வித்த வருமானம் பூஜ்யம். எந்த ஆடிட்டரும் கேக்கிற கேள்வியைத்தான் கேட்டேன்: "இவ்வளவு அட்டையும் எங்க போகுது?" விசாரிச்சுப் பாத்தா, அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு பையன் நாலஞ்சு பேரைச் சேத்துக்கிட்டு ஒரு வருஷத்துக்கு மேல அதைப் பிரிச்சு பழைய பேப்பர் கடையில போட்டுட்டு இருந்திருக்கார். பணம் அவரோட ஜிபே நம்பருக்கு வந்திருக்கு. செடி வாங்கினாங்க, ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கினாங்க, மிச்சத்தை ஒரு இல்லத்துக்குக் குடுத்தாங்க. மொத்தம் 18,000 ரூபாய் சொச்சம்.

ஒரு பைசா திருடல, அதை எல்லாரும் நம்பினாங்க. ஆனா எத்தனை கிலோ போச்சு, என்ன விலைக்குப் போச்சு, யாரு அனுமதி குடுத்தாங்கன்னு கேட்டப்போ காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. மேனேஜர் வாயால "பண்ணுங்கப்பா"ன்னு சொன்னவர், விசாரணையில "எனக்கு ஞாபகம் இல்ல"ன்னுட்டார். பையனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தக் குழுவும் அதோட முடிஞ்சது. கேள்வி கேட்டது நான்தான். கேட்டது சரியான கேள்விதான். ஆனாலும் அந்தப் பையன் முகம் இன்னும் மறக்கல.

கம்பெனி காசுல வாங்கின பேப்பர், கம்பெனிக்கு வந்த பெட்டி எல்லாம் குப்பையான பிறகும் கம்பெனி சொத்துதான். ஜிஎஸ்டி பதிவு இருக்கிற கம்பெனி அதை வித்தா பில் போடணும், வரி கட்டணும், இதர வருமானத்துல காட்டணும். ஐடி பார்க் மாதிரி வாடகைக் கட்டிடம்னா குப்பையை எடுக்கிற பொறுப்பு கட்டிட நிர்வாகத்துக்கிட்டயே இருக்கலாம். அதனால முதல் வேலை தொட்டி வாங்கறது இல்ல. அட்மினுக்கு ஒரு மெயில்: இன்னின்ன பொருளை நாங்க பிரிக்கிறோம், எடுக்கிறவர் யாருன்னு நீங்க முடிவு பண்ணுங்க, பணம் நேரா கம்பெனி கணக்குக்கு வரட்டும். பதில் எழுத்துல வரணும். உங்க சொந்த யுபிஐ நம்பர் இதுல எங்கயும் வரவே கூடாது.

வண்டி ஒண்ணுதானே சார் வருது?

இப்போ என் கதை. எங்க ஆடிட் ஆபீஸ்ல 12 பேர். ஒரு ஜனவரியில, புது வருஷ உற்சாகத்துல பச்சை, நீலம்னு ரெண்டு தொட்டி வாங்கி வெச்சேன். சுவத்துல போஸ்டரும் ஒட்டினேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு சாயங்காலம் பாத்தா, பெருக்க வர்ற அக்கா ரெண்டு தொட்டியையும் ஒரே கறுப்புக் கவர்ல கொட்டிட்டு இருக்காங்க. என்னக்கா இதுன்னு கேட்டேன். "டப்பா ரெண்டு வெச்சுட்டீங்க. கீழ வண்டி ஒண்ணுதானே சார் வருது?"

அப்புறம்தான் உக்காந்து பேசினேன். அதுவரைக்கும் அட்டையும் பாட்டிலும் அவங்கதான் எடுத்துட்டுப் போய்க் கடையில போட்டுட்டு இருந்திருக்காங்க. மாசம் முந்நூறு, நானூறு வரும், பஸ் செலவுக்கு ஆகும். நான் தொட்டி வெச்சதும் "சார் இனிமே அவரே எடுத்துக்குவார் போல"ன்னு நினைச்சு விட்டுட்டாங்க. பூமியைக் காப்பாத்தறேன்னு கிளம்பி, ஆபீஸ்லயே குறைஞ்ச சம்பளம் வாங்கறவங்க பாக்கெட்ல கை வெச்சிருக்கேன்!

இது பெரிய ஆபீஸ்லயும் நடக்கும். அங்க ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் கான்ட்ராக்டர் மூலமா வர்றதால அவங்களுக்கு வாய் திறக்கவே தயக்கம் இருக்கும். அதனால டீம் மீட்டிங் போடறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட பேசுங்க. தினமும் என்ன சேருது, எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க, எங்க போகுதுன்னு உங்க ஹெச்ஆரை விட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். விக்கிற பணத்தை அவங்களுக்கே குடுக்கணும்னு அட்மின்கிட்ட கேளுங்க. நாங்க அப்படித்தான் பண்றோம். வித்த தொகை வரவுல வரும், அதே தொகை வவுச்சர்ல கையெழுத்து வாங்கி அக்காவுக்குப் போகும். மாசம் ரெண்டு வரி என்ட்ரி, அவ்வளவுதான். இப்போ பேப்பர்ல டீ சிந்தினா அவங்கதான் எங்களைத் திட்டறாங்க.

விக்கிறதுல காசு இல்ல, வாங்காததுலதான் இருக்கு

சேனல்ல நான் அடிக்கடி சொல்றது, கேஷ்பேக் வருதுன்னு வாங்காதீங்கன்னு. குப்பையிலயும் அதே கணக்குதான். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒண்ணு ஏறக்குறைய 5 கிராம் எடை. 500 தாள் உள்ள ஒரு ரீம் 2.5 கிலோ. ரீம் விலை 280 ரூபாய், பழைய பேப்பர் கிலோ 12 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம் (உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க). 280 ரூபாய்க்கு வாங்கினதைத் திருப்பி வித்தா 30 ரூபாய்.

மாசம் 40 ரீம் ஓடற ஆபீஸ்னா, ஒரு தாள் விடாம சேத்து வித்தாலும் 100 கிலோ, 1,200 ரூபாய். அதே ஆபீஸ்ல பிரிண்ட்ல பாதியை மட்டும் ரெண்டு பக்கமும் அடிக்க வெச்சா 10 ரீம் மிச்சம், 2,800 ரூபாய். ஐடி டீம்ல ஒருத்தர் பிரிண்டர் செட்டிங்கை மாத்தினா போதும். போஸ்டர் வேண்டாம், உறுதிமொழி வேண்டாம்.

அடுத்தது பேப்பர் கப். அந்தத் தம்பியோட ஃப்ளோரையே எடுத்துக்குவோம். 150 பேர், ஆளுக்கு நாளைக்கு 3 கப், 22 நாள். மாசம் 9,900 கப். கப் ஒரு ரூபாய்னா 9,900 ரூபாய், வருஷத்துக்கு 1,18,800. ஆளுக்கு 150 ரூபாய்ல ஒரு பீங்கான் மக் வாங்கினா 22,500. உடனே "ரெண்டரை மாசத்துல போட்ட காசு வந்துடும்"னு பிரசன்டேஷன் போட்டுடாதீங்க. மக் தானா கழுவிக்காது. கழுவ ஆள், சோப்பு, தண்ணி எல்லாம் சேத்து மாசம் 4,000 கூடுதல்னு வெச்சா, நிகர மிச்சம் 5,900. அப்போ போட்ட காசு திரும்ப 4 மாசம் ஆகும். இந்த 4,000-ஐ மறைச்சுட்டு, இருக்கிற அக்கா தலையிலயே இலவசமா ஏத்தறதுதான் பல ஆபீஸ்ல நடக்குது. அதைச் செய்யாதீங்க. அட்மின் மேனேஜரும் முட்டாள் இல்ல, முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, பேப்பர் கப் பேருக்குத்தான் பேப்பர். உள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதால பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்க மாட்டார். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 முதல் தடை செஞ்ச 14 பிளாஸ்டிக் பொருள் பட்டியல்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் இருக்கு. "பூமிக்கு நல்லது சார்"னு சொன்னா ஃபைல் நகராத இடத்துல, "இது தடைப் பட்டியல்ல இருக்கு சார்"னு சொன்னா நகரும்.

பட்ஜெட் யார்கிட்ட கேக்கறது?

நிறைய பேர் நேரா சிஎஸ்ஆர் டீம்கிட்ட போய் நிப்பாங்க. அங்க கிடைக்காது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி தன்னோட கடைசி 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆருக்குச் செலவு பண்ணணும், அது உண்மை. ஆனா வழக்கமான தொழில் செலவும், சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பலன் தர்ற வேலையும் அந்தக் கணக்குல சேராதுன்னு விதியே சொல்லுது. உங்க ஃப்ளோர்ல தொட்டி வைக்கிறது அட்மின் செலவு. ஸ்டேஷனரி, பேன்ட்ரி பட்ஜெட்ல மிச்சம் காட்டி அதுலயே கேளுங்க.

உங்க கம்பெனி பங்குச் சந்தையில பட்டியலான பெரிய கம்பெனியா? அப்போ உங்க கையில இன்னொரு துருப்புச் சீட்டு இருக்கு. சந்தை மதிப்புல முதல் 1,000 இடத்துல இருக்கிற கம்பெனிகள் 2022-23 நிதியாண்டுல இருந்து பிஆர்எஸ்ஆர்னு ஒரு அறிக்கை கட்டாயம் குடுக்கணும். பிளாஸ்டிக் கழிவு எத்தனை டன், மின்கழிவு எத்தனை டன், அதுல மறுசுழற்சிக்கு எவ்வளவு போச்சுன்னு அதுல கட்டம் கட்டமா கேட்டிருப்பாங்க. அந்த நம்பருக்காக மார்ச் முடிஞ்சதும் ஃபைனான்ஸ்ல ஒருத்தர் ஒவ்வொரு ஆபீஸா மெயில் போட்டு அலைவார். எடை எழுதின நோட்டோட நீங்க போய் நின்னா அவர் உங்களை டீ வாங்கிக் குடுத்து உக்கார வைப்பார். அப்ரைசல்ல "கிரீன் கிளப் உறுப்பினர்"னு எழுதறதும், "எங்க ஃப்ளோர் கழிவுத் தரவு ஆண்டறிக்கைக்குப் போனது"ன்னு எழுதறதும் ஒண்ணு இல்ல.

மின்கழிவு தனிக் கதை. பழைய கீபோர்டு, யுபிஎஸ்னு எதையும் நீங்க தொடவே வேண்டாம், ஐடி டீம் வேலை அது. 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த விதிகள்படி இதெல்லாம் பதிவு பெற்றவங்ககிட்டதான் போகணும். தவிர, ஹார்ட் டிஸ்க்ல வாடிக்கையாளர் பான் நம்பரோ உங்க சம்பளப் பட்டியலோ இருக்கலாம். ஹெச்ஆர் பேப்பரும் அப்படித்தான், கிழிக்காம வெளிய போகக் கூடாது.

ஓடற நிலையில இருக்கிற லேப்டாப்பை ஊழியர்களுக்கே விக்கச் சொல்லிக் கேக்கலாம். உடைச்சு உருக்கறதை விட இன்னும் ரெண்டு வருஷம் ஓடறதுதானே மேல். ஆனா சல்லிசா கிடைக்குதேன்னு குதிக்காதீங்க, வித்தியாசம் உங்க சம்பளத்துல பெர்க்விசிட்டா ஏறும். கம்ப்யூட்டருக்கு, கம்பெனி பயன்படுத்தின ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் குறைஞ்சுட்டே வர்ற மதிப்புல 50 சதவீதம் கழிக்கணும். 80,000 ரூபாய் லேப்டாப், 3 வருஷம் முடிஞ்சா 40,000, 20,000, 10,000. அதை உங்களுக்கு 2,000-க்குக் குடுத்தா, மிச்ச 8,000 உங்க வருமானம். 2 வருஷம் 11 மாசம்னா மூணாவது வருஷம் கணக்கில வராது, மதிப்பு 20,000-லயே நிக்கும். ஒரு மாசம் பொறுத்து வாங்குங்க.

தம்பியோட டாக்ஸ் கேள்வி

ஸ்கிராப் பணம் கம்பெனி கணக்குக்கு வந்து, கம்பெனி அதை நன்கொடையாக் குடுத்தா, ரசீதும் சலுகையும் கம்பெனிக்குத்தான். உங்க நாலு பேருக்கும் ஒண்ணும் வராது, வரியும் வராது, விலக்கும் வராது. நீங்க உங்க சொந்தக் காசைப் போட்டுக் குடுத்தா, 80ஜி-ன்னு நாம பழகின விலக்கு பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். அதுலயும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா செல்லாது. பழைய துணி, பழைய லேப்டாப்னு பொருளாக் குடுத்தா விலக்கே கிடையாது. புது முறையில இருக்கிறவங்க டாக்ஸை மறந்துட்டு மனசாரக் குடுங்க.

தம்பிக்கு நான் அனுப்பின பதில்ல தொட்டி பத்தி ஒரு வார்த்தை இல்ல. பயணப் பெட்டியை எடை பாக்கிற கைத் தராசு ஒண்ணு வாங்குங்க. ஒரு நோட்டுல தேதி, பொருள், கிலோ, எடுத்தவர் யாரு, தொகை, பில் நம்பர்னு கோடு போடுங்க. நாலு வாரம் எதையும் மாத்தாம, வர்றதை வர்றபடி எழுதுங்க. பக்கத்துல கையெழுத்து ரெண்டு பேரோடது இருக்கட்டும், ஒண்ணு உங்க டீம்ல, இன்னொண்ணு ஹவுஸ்கீப்பிங்ல. முதல் ரெண்டு வாரம் முடிஞ்சதும் எழுதியிருந்தார், அவங்க ஃப்ளோர்ல எடை அதிகம் பேப்பர் இல்லையாம், கேன்டீன்ல மீந்து போற சோறாம். மிச்ச ரெண்டு வாரக் கணக்கும் வந்ததும், அந்த எக்ஸெல்லை அவர் அனுமதியோட வீடியோவுல காட்டறேன்.