இரட்டைச் சொடுக்கில் அசல் கோப்பு: வீட்டு டிடிபி வேலைக்கு 12 குறிப்புகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வீட்டு முன்னறையில் கணினி போட்டு கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், பங்குனிப் பொங்கல் நோட்டீஸ் வடிவமைத்துத் தருபவர்களுக்கு, அச்சடிக்க சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பிளேட் போட்ட பிறகு பிழை கண்ணில் பட்டால் செலவு நம் தலையில்தான். இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பக்கத்தில் தெரியும் படம் வெறும் முன்னோட்டம். அசல் வேறொரு கோப்பில் இருக்கிறது. திருத்தத்தை அங்கேதான் செய்ய வேண்டும். அசல் அதற்குரிய மென்பொருளிலேயே திறக்கும்படி ஒருமுறை அமைத்து வைத்துவிட்டால், அவசர வேலையிலும் கை தடுமாறாது.

1. முதலில் கோப்பின் வால் தெரிய வேண்டும். 'அம்மன்' என்ற பெயரில் மூன்று கோப்பு இருந்தால் எது பிஎஸ்டி, எது ஜேபிஜி என்று எப்படித் தெரியும்? விண்டோஸ் 11-இல் கோப்புறையைத் திறந்து 'வியூ', 'ஷோ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

2. இன்டிசைனில் அசலைத் திறக்க 'எடிட் ஒரிஜினல்' கொடுத்தால், எந்த மென்பொருளில் திறப்பது என்று அது விண்டோஸிடம்தான் கேட்கும். ஜேபிஜி படம் ஃபோட்டோஷாப்பில் திறக்காமல் 'ஃபோட்டோஸ்' செயலியில் திறப்பதற்குக் காரணம் இதுதான். படக் கோப்பின் மேல் வலது சொடுக்கு, 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', ஃபோட்டோஷாப், கடைசியாக 'ஆல்வேஸ்'. டிஃப், பிஎஸ்டி, ஏஐ, இபிஎஸ் என ஒவ்வொரு வகைக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

3. பிள்ளைகளும் பயன்படுத்தும் கணினியா? ஒரு படம் பார்ப்பதற்குக்கூட ஃபோட்டோஷாப் திறந்தால் வீட்டில் சண்டைதான் வரும். தொழிலுக்குத் தனி விண்டோஸ் கணக்கு தொடங்குங்கள். எந்தக் கோப்பு எதில் திறக்கும் என்ற அமைப்பு கணக்குக்குக் கணக்கு வேறாக இருக்கும். தனிக் கணக்கு வேண்டாமென்றால் இன்டிசைனின் 'எடிட்' மெனுவில் 'எடிட் வித்' போய் அந்த ஒரு தடவைக்கு மட்டும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்.

4. குறுக்கு வழி: இன்டிசைனில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு படத்தை இரட்டைச் சொடுக்கு செய்தால் அசல் திறக்கும். திருத்திச் சேமித்துவிட்டு இன்டிசைனுக்குத் திரும்பினால் பக்கத்திலும் படம் தானாக மாறியிருக்கும். மறுபடி வைக்கவோ அளவு சரிசெய்யவோ வேண்டியதில்லை.

5. 'காப்பி, பேஸ்ட்' பழக்கத்தை விடுங்கள். ஒட்டிய படத்துக்கு அசலோடு தொடர்பு இருக்காது. 'எடிட் ஒரிஜினல்' வேலை செய்யாது. எப்போதும் 'ஃபைல்', 'பிளேஸ்' (கண்ட்ரோல் + டி) வழியாகவே படத்தை வையுங்கள்.

6. புரூஃப் எடுக்குமுன் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்தி 'லிங்க்ஸ்' பலகையைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அசல் மாறிவிட்டது, பக்கத்தில் இன்னும் பழையதே இருக்கிறது என்று பொருள். அதை இரட்டைச் சொடுக்கு செய்தால் புதுப்பித்துக்கொள்ளும். சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி இருந்தால் கோப்பையே காணோம். இரண்டில் எது இருந்தாலும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

7. இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்ததை ஏஐ கோப்பாகவே வைக்கலாம். சேமிக்கும்போது 'கிரியேட் பிடிஎஃப் கம்பாட்டிபிள் ஃபைல்' என்பதில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் படம் சரியாக வராது. எழுத்தை அவுட்லைன் ஆக்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். 'திருச்சுழி' என்பது 'திருச்சுளி' என்று விழுந்திருந்தால், அவுட்லைன் ஆன கோப்பில் ஓர் எழுத்தை மாற்றக்கூட மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

8. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளுக்காகப் பேஜ்மேக்கரை வைத்திருப்பவர்களும் கவனிக்க: அதன் 'எடிட்' மெனுவிலும் 'எடிட் ஒரிஜினல்' உண்டு. 'ஃபைல்' மெனுவின் 'லிங்க்ஸ் மேனேஜர்' படங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும். 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. ஆகவே புது வேலைகளை வேறு மென்பொருளில், யூனிகோடில் தொடங்குவது நல்லது.

9. செலவில்லாத வழி: ஸ்கிரைபஸ், கிம்ப் இரண்டும் இலவசம். ஸ்கிரைபஸின் 'பிரிஃபரன்சஸ்', 'எக்ஸ்டர்னல் டூல்ஸ்' பகுதியில் படத் திருத்தியாக கிம்ப் இருக்கும் இடத்தைக் கொடுங்கள். பிறகு படத்தில் வலது சொடுக்கு செய்து 'எடிட் இமேஜ்' என்றால் கிம்ப் திறக்கும். யூனிகோடு தமிழுக்கு 1.6 பதிப்பு வேண்டும், பழைய 1.4-இல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

10. வேர்டு கோப்பை இன்டிசைனுடன் இணைத்து வைக்கும் வசதி 'பிரிஃபரன்சஸ்', 'ஃபைல் ஹேண்ட்லிங்' பகுதியில் இருக்கிறது. விலைப்பட்டியலுக்கு உதவும், பத்திரிகைக்கு வேண்டாம். அசலைத் திருத்திப் புதுப்பித்தால் நீங்கள் பக்கத்தில் செய்த திருத்தமும் அலங்காரமும் போய்விடும். உறவினர் பெயர் வரிசையைப் பத்துத் தடவை மாற்றும் வேலையில் அது பெரிய வம்பு.

11. வாட்ஸ்அப்பில் வரும் மணமக்கள் படத்தை அப்படியே அசலாக எடுக்காதீர்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். நீளவாட்டில் 1600 புள்ளி உள்ள படம், ஆஃப்செட்டுக்கு வேண்டிய 300 பிபிஐ அளவில் சுமார் 5.3 அங்குலத்துக்குத்தான் வரும். 'லிங்க்ஸ்' பலகையின் கீழே 'எஃபெக்டிவ் பிபிஐ' எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

12. ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை; படங்கள் எல்லாம் அதற்குள். பென்டிரைவிலிருந்து நேரடியாகப் படம் வைக்காதீர்கள். அதைக் கழற்றியதும் இணைப்பு அறுந்துவிடும். நடுவில் கோப்பின் பெயரையும் மாற்றக் கூடாது. வேலை முடிந்ததும் 'ஃபைல்', 'பேக்கேஜ்' கொடுத்தால் பக்கம், 'லிங்க்ஸ்', எழுத்துருக்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேரும். அச்சகத்தில் பழைய இன்டிசைன் என்றால் ஐடிஎம்எல் கோப்பும் சேர்த்து அனுப்புங்கள். சிஎஸ்4 முதல் எல்லாப் பதிப்பிலும் திறக்கும். அந்தப் பேக்கேஜ் அடுத்த வருடமும் உதவும்: ஆடிப்பெருக்குக்கு சிவகாசியில் புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்ததும் காலண்டர் ஆர்டர் வரத் தொடங்கும். போன வருடப் பேக்கேஜ் கையில் இருந்தால், கடையின் பெயர்ப் படத்தை ஆல்ட் இரட்டைச் சொடுக்கில் திறந்து, புது செல்போன் எண்ணை மட்டும் மாற்றி, அன்றைக்கே புரூஃப் கொடுத்துவிடலாம்.