சாரல் ஊரில் காடாத்துணி

பூச்சுப் போட்ட கேன்வாஸ் வாங்கலாமா, பூசாத காடாத்துணி ரோலை வாங்கி நாமே தயார் செய்யலாமா என்று தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால், பூசாததையே வாங்குங்கள் என்பேன். காசு மிச்சமாவது அதில் ஒரு பங்குதான். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில், துணிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பூஞ்சை நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். மலிவான ரெடிமேட் கேன்வாஸின் முதுகில் சீசன் முடிவதற்குள் கரும்புள்ளிகள் வந்துவிடுகின்றன. அதன் பூச்சுக்கு அடியில் என்ன துணி, என்ன பசை என்று நமக்குத் தெரியாது. காடாவில் எல்லாம் கண்முன்னே இருக்கும்.

குற்றாலத்துச் சித்திர சபையைப் பார்த்தவர்களுக்குத் துணியில் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்பது இன்னும் எளிதாகப் புரியும். நடராசரின் ஐந்து சபைகளில் அங்கே மட்டும்தான் இறைவன் ஓவியமாகவே இருக்கிறார். சுவரெல்லாம் ஓவியங்கள். அருவிக்கு இவ்வளவு பக்கத்தில் சுவரோவியம் எழுத முடிந்ததற்குச் சுண்ணாம்புச் சாந்தும் ஒரு காரணம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. பருத்தித் துணிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. போதாததற்குத் தறியிலிருந்தே அது தீனியையும் சுமந்துகொண்டு வருகிறது.

அந்தத் தீனி கஞ்சி. தறியில் பாவு இழை அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி ஏற்றித்தான் நெய்கிறார்கள். அதனால்தான் புதுக் காடா மொடமொடவென்று கனமாகத் தெரிகிறது. சங்கரன்கோவிலில் விசைத்தறிக்காரர் ஒருவரிடம் துணியின் கனத்தைப் புகழ்ந்தேன். "அண்ணாச்சி, அதுல பாதி கஞ்சி. தண்ணியில போட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார். விற்கிறவரே இப்படிச் சொல்வது அபூர்வம்.

எல்லாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து, பெட்டாடைன் என்றாலும் சரி, சிறு குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு மடங்கு தண்ணீர் கலந்து துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். பழுப்பாகவே நின்றால் கஞ்சி இல்லை. கருநீலமாக மாறினால் கஞ்சி இருக்கிறது. துவைத்துக் காய்ந்த பிறகும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலம் தெரிந்தால் இன்னொரு தடவை ஊறப்போட வேண்டியதுதான்.

எடையையும் இப்படியே சோதிக்கலாம். கடைக்காரர் 12 அவுன்ஸ் என்பார், 400 ஜிஎஸ்எம் என்பார். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சரியாக வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் போடுங்கள். வருகிற கிராமை நூறால் பெருக்கினால் அதுதான் ஜிஎஸ்எம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. 3.4 கிராம் வந்தால் 340, அதாவது சதுர கஜத்துக்கு 10 அவுன்ஸ். அதே துணியில் இதைவிடப் பெரிய துண்டொன்றைத் துவைத்துக் காயவைத்து, அதிலிருந்து பத்துக்குப் பத்து வெட்டி நிறுத்தால் கஞ்சி நீங்கிய துணியின் கனம் தெரியும். இரண்டடி வரையிலான படங்களுக்கு 7 அல்லது 8 அவுன்ஸ் போதும். மூன்றடியைத் தாண்டினால் 10 அவுன்ஸுக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

நெசவைப் பார்க்கத் துணியை வெயிலுக்கு எதிரே பிடித்தாலே போதும். முடிச்சுகளை நகத்தால் தள்ளியோ கத்தரித்தோ சரிசெய்துவிடலாம். ஊடை கோணலாக ஓடுகிற துணியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டத்தில் எத்தனை இழுத்தாலும் அது நேராகாது. காடாவில் தெரியும் பழுப்புத் துணுக்குகள் பருத்திக்கொட்டைத் தோல். அவற்றின் கறை வெள்ளைப் பூச்சைத் தாண்டி மேலே வரக்கூடியது. ஊசி முனையால் எடுத்துவிடலாம்.

துவைப்பதற்கு முன்னால் துணியை வெட்டிவிட வேண்டும். முழு ரோலை நனைத்தவர்கள் அதைத் தூக்க ஆள் தேடுவார்கள். பக்கத்துக்கு நாலு அங்குலம் மடிப்புக்கு விட்டு, சுருக்கத்துக்குத் தனியாகவும் விடுங்கள். எவ்வளவு சுருங்கும் என்று அறிய, முதலில் ஒரு மாதிரித் துண்டில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை நூலால் தைத்துக் குறித்துவிட்டுத் துவைத்தபின் அளந்தால் போதும். பெரும்பாலும் பாவுப் பக்கம்தான் அதிகம் சுருங்கும். இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தக் கலங்கல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் அலசுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை. வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியவும் கூடாது. கனத்த துணியில் விழுந்த மடிப்பு போகவே போகாது. மூங்கிலில் விரித்துப் போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டுவிட வேண்டும். ஓவியத்துக்கென்றே நெய்த நல்ல டக் துணிக்கு இத்தனை பாடு பெரும்பாலும் தேவைப்படாது. நான் சொல்வது ஜவுளிக் காடாவுக்கு.

இந்த வேலை நமக்குப் புதிதில்லை. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரியில், துணியை வெளுத்த பிறகு கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்த துணியில் வண்ணத்துக்கு முன்னால் போடும் பசைப் பூச்சும் நமக்கு அந்தக் காரியத்தைத்தான் செய்கிறது.

எண்ணெய் வண்ணம் தீட்டுகிறவர்கள் பசையைத் தவிர்க்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் நேரே பருத்தியில் இறங்கினால், ஆண்டுகள் போகப் போக இழை பழுத்து நொறுங்கும். அமெரிக்காவின் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952-ல் மெல்லிய எண்ணெய் வண்ணத்தைப் பூசாத துணியில் ஊறவிட்டு ஒரு புதுப் பாணியையே தொடங்கினார். வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் வளையம் பரவும் தொல்லை அந்த முறைக்கு உண்டு. அறுபதுகளில் அவரும் அக்ரிலிக்குக்கு மாறினார். அப்படி ஊறவிட்டு வரைய விரும்புகிறவர்கள், துவைத்த காடாவில் அக்ரிலிக்கைத் தண்ணீராக்கித் தாராளமாக வரையலாம்.

மற்றவர்களுக்குப் பசை வேண்டும். புத்தகங்களில் வரும் முயல்தோல் பசையை நம் ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சாரலில் அது ஈரம் குடித்துத் தளரும். நாம் சட்டத்தில் ஆப்படித்துத் துணியை இறுக்குவோம். சித்திரை வெயிலில் அது சுருங்கிச் சட்டத்தையே வளைக்கும். தஞ்சாவூர் ஓவியர்களின் புளியங்கொட்டைப் பசை அருமையானது, ஆனால் அது பலகைமேல் ஒட்டிய துணிக்கு. சட்டத்தில் விறைத்துக் கட்டும் துணிக்கு அக்ரிலிக் மீடியத்தைத் தண்ணீரில் இளக்கி இரண்டு கை பூசுவதே பத்திரம். துணியின் பழுப்பு மேலேறுவதையும் அது பெருமளவு தடுக்கும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையில் அமிலம் இருக்கக்கூடும். நாலு வருடம் நிற்க வேண்டிய படத்துக்கு அது வேண்டாம்.

அதன்மேல் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சு மூன்று கை. முதல் கை பாவு வாக்கில், அடுத்தது ஊடை வாக்கில். கை கைக்கு நடுவே 220 எண் உப்புத்தாளை லேசாக ஓட்டுங்கள். சுவருக்கு அடிக்கும் பிரைமர் மலிவுதான். துணியைச் சுருட்டும்போது வெடித்துவிடும். வேலையெல்லாம் மாசியிலிருந்து சித்திரைக்குள் முடிந்துவிட வேண்டும். சாரல் நாளில் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

பூசிய துணியை மடிக்காதீர்கள். பூசிய முகம் வெளியே வரும்படி அகலமான குழாயில் சுருட்டி, தரையிலிருந்து உயரத்தில் படுக்கவையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்தி வேட்டியைச் சுற்றினால் போதும்.

ரோலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு மீட்டர் மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் அயோடினும் தராசும் சரி என்று சொன்ன பிறகு மிச்சத்தை வாங்குங்கள். ஒரு மீட்டர் வெட்டித் தர மறுக்கிற கடையில் ரோல் வாங்க வேண்டாம்.