வண்டி ஓடியும் சார்ஜ் ஏறலையே, ஏன்?

எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தையும், அதில் நான் கற்றுக்கொண்ட அறிவியலையும் இந்தச் சுவரிதழில் எழுதுகிறேன்.

எங்க அப்பா ஒரு பழைய குட்டி யானை வண்டியில் டிபன் கடை நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் செஞ்சிக் கோட்டை ராஜகிரி அடிவாரம். அமாவாசை என்றால் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயிலில் ராத்திரி ஊஞ்சல் உற்சவம் நடப்பதால் வியாபாரம் நன்றாக இருக்கும். வண்டியில் இரண்டு பேட்டரி உண்டு. முன் பேட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்ய. பின் பேட்டரி கடையின் விளக்குக்கும் ஃபேனுக்கும். வண்டி ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆக வேண்டும்.

ஒரு அமாவாசையில் ஒன்பது மணிக்கே விளக்கு மங்கி அணைந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் எத்தனை தோசை ஊற்ற முடியும்? பாதி மாவு வீட்டுக்குத் திரும்பி வந்தது. "பேட்டரி செத்துப்போச்சு" என்று ஒரு கடையில் சொன்னார்கள். அக்கா காலேஜ் ஃபீஸுக்காக அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் புது பேட்டரி வாங்கினோம். அடுத்த அமாவாசையும் அதே கதை! "இதையும் மாத்திடலாம்" என்றார்கள். அம்மா ஒண்ணுமே பேசல. அன்றுதான் நான் அறிவியல் ஆசிரியரிடம் மல்டிமீட்டர் இரவல் கேட்டேன்.

சார்ஜ் எப்படி ஏறுகிறது?

காந்தப்புலம் மாறினால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். வண்டியில் இருக்கும் ஆல்டர்னேட்டர் அந்த வேலையைத்தான் செய்கிறது. இன்ஜின் சுற்றும்போது பெல்ட் அதைச் சுழற்றுகிறது. அதில் வரும் மாறுதிசை மின்சாரத்தை டயோடுகள் நேர்திசையாக்குகின்றன. ரெகுலேட்டர் அதை 14 வோல்ட் அளவில் நிறுத்துகிறது. ஈய அமில பேட்டரியை 1859-ல் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். நம் வண்டிகளில் பெரும்பாலும் இன்னும் அந்த வகைதான்.

மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உயரத்திலிருந்துதான் பள்ளத்துக்கு ஓடும். வோல்ட் என்பது உயரம் மாதிரி. நிறைந்த பேட்டரி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். பாதி என்றால் சுமார் 12.2. பன்னிரண்டுக்குக் கீழே போனால் காலியாகப் போகிறது என்று அர்த்தம். வண்டி ஓடும்போது 13.5-க்கு மேல் பேட்டரிக்கு வந்து சேர்ந்தால்தான் சார்ஜ் ஒழுங்காக ஏறும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆல்டர்னேட்டரில் இருக்கிற உயரம் வழியில் எங்கே குறைகிறது?

வரிசையாகச் சோதிக்கும் முறை

1. பெல்ட்: இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்கணும். தளர்ந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது. ஸ்டார்ட் செய்த பிறகும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் அதுவும் எச்சரிக்கை.

2. முன் பேட்டரி: இன்ஜின் ஓடும்போது அளந்தோம். 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு.

3. ஃபியூஸ், ரிலே: சாவி போட்டதும் இரண்டு பேட்டரியையும் இணைப்பது ரிலே. எங்கள் வண்டியில் 'டிக்' என்று சத்தம் வந்தது. சத்தம் மட்டும் போதாது, ரிலேவின் இரண்டு பக்கமும் அளக்கணும். இரண்டிலும் 14 வந்தது. சரி.

4. பின் பேட்டரி: பிளஸ், மைனஸ் இரண்டிலும் மீட்டரை வைத்தேன். வெறும் 12.4 தான்! 1.7 வோல்ட் எங்கே போச்சு?

5. வயர்: முன் பேட்டரி பிளஸ்ஸுக்கும் பின் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் அளந்தேன். 0.3 வோல்ட். வயர் நீளத்துக்கு இது பரவாயில்லை.

6. எர்த்: பின் பேட்டரியின் மைனஸுக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அளந்தேன். 1.4 வோல்ட்!

கூட்டிப் பாருங்கள்: 0.3 + 1.4 = 1.7. கணக்கு டாலி ஆகிவிட்டது!

எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். கழற்றினால் உள்ளே ஒரே துரு. நாம் படித்த ஓம் விதிதான் இது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வோல்ட். ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு மின்தடை இருந்தாலே, 14 ஆம்பியர் போகும்போது 1.4 வோல்ட்டை விழுங்கிவிடும். அந்தத் துருவைக் கண்ணால் பார்த்தால் சின்ன விஷயம். பேட்டரிக்கு அதுதான் பட்டினி.

அப்பா உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கிற வரை தேய்த்தார். போல்ட்டை நன்றாக முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தேன். பின் பேட்டரியில் 13.6! அப்பா மீட்டரை வாங்கி இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.

இன்னொரு கணக்கு

விளக்கும் ஃபேனும் சேர்ந்து 48 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 4 ஆம்பியர். ஆறு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி செலவு. மேல்மலையனூரிலிருந்து வீடு வர முக்கால் மணி நேரம். சராசரியாக 16 ஆம்பியர் ஏறினாலும் 12 தான் திரும்பக் கிடைக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் பாதிதான்! அதனால் இப்போது மறுநாள் வீட்டுக் கரன்ட்டில் சார்ஜர் போட்டு மீதியை நிரப்புகிறோம்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்கப்படும் வண்டிகள் சிலவற்றில், டீசல், பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் இரண்டாவது பேட்டரிக்கு டி.சி.-டி.சி. சார்ஜர் என்ற தனிக் கருவி தேவைப்படும்.

எச்சரிக்கை!

* பெரியவர்கள் துணை இல்லாமல் செய்யாதீர்கள். வளையல், செயினைக் கழற்றிவிடுங்கள். தாவணி, தலைமுடி பெல்ட் பக்கம் போகக் கூடாது.
* சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் நெருப்பு கூடாது.
* இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது. நிறுத்திய பிறகு முதலில் மைனஸ், பிறகு பிளஸ்.
* தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

இப்போது அமாவாசையில் கடை விளக்கு கடைசி தோசை வரை எரிகிறது. ஆனால் ஒரு வருத்தம் உண்டு. எக்சேஞ்சில் கொடுத்துவிட்ட பழைய பேட்டரியும் ஒருவேளை நல்லதாகவே இருந்திருக்கலாம். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. அக்கா ஃபீஸுக்கு அம்மா மறுபடி முதலிலிருந்து சீட்டுக் கட்டுகிறார்.

தோழிகளே, "மாத்திடலாம்" என்று யார் சொன்னாலும், "அளந்து பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மல்டிமீட்டர் நம் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி