பொட்டலத்தைக் கைவிடுவது ஏன்?

கணிப்பொறி அறையில் நாம் நாற்பது பேர் ஒரே வேளையில் ஒரு பாடப்படத்தைத் திறந்தால் அது விட்டு விட்டு ஓடுவதேன்? செய்தி முழுவதும் ஒரே மூச்சில் வருவதில்லை. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. அவற்றை உரிய வாயிலுக்கு அனுப்பும் கருவியே சுவிட்ச். ஒரு வாயிலுக்கு அளவு மீறிப் பொட்டலங்கள் வந்தால் அவை சுவிட்சின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்கும். அவ்விடமும் நிறைந்துவிட்டால் பின்னே வருபவை கைவிடப்படும்.

நெரிசல் எத்துணைக் கொடியது என்பது 1986 அக்டோபரில் தெரிந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்திற்கும் இடைவெளி ஏறத்தாழ 400 கஜமே. அவ்வழியில் வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த ஓட்டம் 40 பிட்டாகச் சுருங்கியது! நெரிசலைப் பாராமல் கணிப்பொறிகள் அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்பியதுதான் காரணம். பொட்டலம் தவறினால் அனுப்புவோர் வேகத்தைக் குறைத்து, பின் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்னும் வழியை வான் ஜேக்கப்சன் 1988-இல் விளக்கினார். ஆகவே கைவிடப்பட்ட பொட்டலமும் ஒரு செய்திதான்.

எனினும் வரிசை நிறையும்வரை காத்திருந்தால் எல்லோரும் ஒருசேர இழந்து, ஒருசேர வேகம் குறைப்பர்; வழி வெறிச்சோடும். பின் ஒருசேர விரைவர், மறுபடியும் நெரிசல். இதற்கு 1993-இல் ஜேக்கப்சனுடன் தீர்வு தந்தவர் சாலி ஃபிளாய்டு அம்மையார். முதலில் சமூகவியல் பட்டம் பெற்று, ரயில் நிறுவனமொன்றில் பணியாற்றி, பிறகே 1989-இல் கணிப்பொறியியலில் முனைவரானவர் என்பது நம் மாணவியர் கவனிக்கத்தக்கது.

அவர்கள் முறை இது. கீழெல்லை 30 பொட்டலம், மேலெல்லை 90, கைவிடும் வீதத்தின் உச்சம் நூற்றுக்கு 10 என்று அமைப்போம். வரிசையின் சராசரி 30-க்குக் கீழ் இருந்தால் எதுவும் கைவிடப்படாது. 60 ஆனால் நூற்றுக்கு 5 வீதம், குலுக்கல் முறையில். 90-ஐத் தாண்டினால் வருபவை அனைத்தும் போகும். சராசரியைப் பார்ப்பதால் கணநேரக் கூட்டம் மன்னிக்கப்படுகிறது.

எண்களை இடுவதில்தான் சிக்கல். கீழெல்லையை மிகத் தாழ்த்தினால் வழி வீணாகும். மிக உயர்த்தினாலோ ஒவ்வொரு பொட்டலமும் நெடுநேரம் காத்து நிற்கும். பேச்சைச் சுமக்கும் பொட்டலங்களுக்குத் தாமதமே பகை. ஆதலால் அவற்றிற்குத் தனி வரிசை வைப்பதே மேல் என்போம்.

கைவிடாமலே பொட்டலத்தின் தலைப்பில் நெரிசற்குறி இடும் முறையும் 2001-இல் வகுக்கப்பட்டது. இரு முனைக் கணிப்பொறிகளும் அக்குறியை ஏற்கும்போதுதான் அது பயன்படும். ஏற்காதவற்றிற்குப் பொட்டலத்தைக் கைவிட்டே தெரிவிக்க வேண்டியிருக்கிறது.