பற்றரி தளர்ந்தால் ஸ்ராட்டர் என்ன செய்யும்?

நடு இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு வாகனம் புறப்பட வேண்டும். திறப்பைத் திருப்பினால் “டக், டக்” என்ற சத்தம் மட்டுமே கேட்கிறது. உடனே “ஸ்ராட்டர் பழுது” என்று முடிவு கட்டி அதைக் கழற்றுகிறோம். பல வேளைகளில் குற்றம் ஸ்ராட்டரில் அல்ல, பற்றரியில்தான்.

ஏன் இப்படி நிகழ்கிறது?

சுழலும் மோட்டர் தனக்குள்ளேயே ஓர் எதிர் அழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. பாடசாலைப் பௌதிகத்தில் இதைப் பின்மின்னியக்க விசை என்பர். வேகம் கூடக்கூட இதுவும் கூடி, மோட்டரினுள் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நிற்கும் மோட்டரில் இந்தத் தடுப்பு இல்லை. ஆகவே ஸ்ராட் செய்யும் கணத்தில் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும்.

அழுத்தம் குறைந்தால் மோட்டரின் வேகமும் முறுக்குவிசையும் குறையும். அழுத்தம் பாதியானால், அது தரக்கூடிய உச்ச வலு காற்பங்காகிவிடும். எஞ்சினின் பாரமோ குறைவதில்லை. மோட்டர் திணறி நிற்கும்போது மின்சக்தி சுழற்சியாக மாறாமல் வெப்பமாகிறது. திறப்பை விடாது பிடித்தால் சுருள் கருகிவிடும். வைப்பரும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதற்கும் குறைந்த அழுத்தம் காரணமாகலாம். ஆனால் அவற்றின் பாரம் சிறிது.

“டக், டக்” சத்தம் சொலனொயிட்டினுடையது. அது இழுத்தவுடன் அழுத்தம் விழுகிறது, பிடி விடுகிறது, அழுத்தம் மீள, மறுபடியும் இழுக்கிறது.

அளந்து பாருங்கள் (12 வோல்ற் பற்றரி)

1. இரவு முழுவதும் ஓடாது நின்ற வாகனத்தில் 12.6 வோல்ற் என்றால் பற்றரி நிறைவு. 12.2 ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழென்றால் சார்ஜ் ஏற்றுங்கள்.

2. சார்ஜ் ஏற்றிய பின்பும், ஸ்ராட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழுந்தால், பற்றரி தளர்ந்துள்ளது அல்லது ஸ்ராட்டர் இறுகியுள்ளது.

3. ஸ்ராட் செய்யும்போது பற்றரியில் உள்ளதைவிட ஸ்ராட்டரில் அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால், கேபிளிலும் முனைகளிலும் பழுதுண்டு. மறை முனையை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் முனைகளைக் கழுவுங்கள். அந்நீர் பற்றரிக்குள் போகக்கூடாது. பூட்டும்போது மறை முனை கடைசி.

4. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். இல்லையேல் பெல்ற்றையும் ஒல்ரனேற்றரையும் பாருங்கள்.

மறவாதீர்கள்: ஒரு தடவையில் 10 செக்கனுக்கு மேல் ஸ்ராட் செய்யாதீர்கள், அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அருகே தீக்குச்சி, சிகரெட் கூடாது. ஸ்ராட்டருக்குப் பணம் செலவிடுமுன் மீற்றரை வைத்துப் பாருங்கள்.