குட்டிக்கு முன் தாயைப் பாருங்கள்

திருவொற்றியூரில் பக்கத்து வீட்டுக் காக்கபூ நாயின் காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக அழுக்கு, புளித்த வாடை. காதுக்குப் பின்னால் முடி கம்பளம் மாதிரி திரண்டு கிடந்தது. “முடி கொட்டாது, வூடு சுத்தமா இருக்கும்னு சொல்லிக் குடுத்தாங்க தம்பி” என்றார் அந்த வீட்டு அக்கா. கொட்டவில்லைதான். உதிர வேண்டிய முடி உடம்பிலேயே சிக்குப் பிடித்து, கடற்காற்றின் ஈரத்தில் அடித்தோல் வெந்திருந்தது.

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: லேப்ரடூடில் (லேப்ரடார்–பூடில்), காக்கபூ (காக்கர்–பூடில்), பாம்ஸ்கி (பொமரேனியன்–ஹஸ்கி) போன்ற புது கிராஸ்; ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் இனங்கள்; தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி.

இரண்டு இனம் கலந்தால் நோய் அண்டாது என்று சொல்லித்தான் கிராஸ் விற்கிறார்கள். லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2024-இல் வெளியிட்ட ஆய்வு 9,402 நாய்களை எடுத்துக்கொண்டது. காக்கபூ, லேப்ரடூடில், கவபூ (கவலியர்–பூடில்) மூன்றையும் அவற்றின் மூல இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. 86.6 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விழித்திரை தேய்ந்து பார்வை போகும் ஒரே மரபணுக் கோளாறு லேப்ரடார், பூடில், காக்கர் மூன்றிலும் உண்டு. தாயும் தகப்பனும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. இடுப்பு மூட்டுக் கோளாறு லேப்ரடாருக்கும் வரும், பெரிய பூடிலுக்கும் வரும். பெற்றோருக்கு இந்தச் சோதனைகள் செய்த காகிதத்தைக் கேளுங்கள்.

முடியும் குணமும்கூடப் பாதிக்குப் பாதி பிரிந்து வராது. 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்கள் வளர்த்துவந்த வாலி கான்ரன், பார்வையற்ற ஒரு பெண்ணின் கணவருக்கு அலர்ஜி தராத வழிகாட்டி நாய் வேண்டுமென்று லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துவந்தது. அந்தக் கலப்பினத்தை உண்டாக்கியதற்காகப் பின்னாளில் கான்ரனே வெளிப்படையாக வருந்தினார். குணத்தை எடுத்தால், பூடில், காக்கர் இரண்டுமே வேட்டைக்குத் துணைபோன, துறுதுறுப்பான நாய்கள். ஷிப்ட் வேலைக்காரர்களின் இரண்டு அறை வீட்டில் பகலெல்லாம் தனியே கிடந்தால் குரைக்கும், கதவைப் பிறாண்டும். கன்டெய்னர் லாரி ஹாரன் ஒவ்வொன்றுக்கும் அக்காவின் நாய் கட்டிலுக்கடியில் போய் நடுங்கும்.

பாம்ஸ்கி இந்த ஊருக்கு வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாதவை என்று 11 வெளிநாட்டு இனங்களை இனவிருத்தி செய்யத் தடை விதித்திருந்தது; ஹஸ்கி அதில் ஒன்று. பாம்ஸ்கியில் ஓடுவது அதே ரத்தம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை வெயில் தாங்கும். ஆனால் ஓட இடம் வேண்டும். சுற்றுச்சுவரும் வாசலும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

ஹவுசிங் போர்டு வீட்டுக்கும் குப்பத்து வீட்டுக்கும் நான் சொல்வது நாட்டுக்குட்டி. குட்டை முடி, மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும், உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியும். உண்ணிக் காய்ச்சலும் பார்வோ வைரஸ் நோயும் இதற்கும் வரும், பார்வோ ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தூரமில்லை. தாயோடு இருக்கும் குட்டியை உடனே தூக்காதீர்கள். எட்டு வாரம்வரை அங்கேயே சோறு வைத்துப் பழகுங்கள். கடியின் அளவைத் தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான் அது கற்கும். பெட்டைக்குட்டி என்று ஒதுக்கவும் வேண்டாம், கருத்தடை செய்துவிடலாம்.

கிராஸ்தான் வேண்டுமென்றால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது பயந்து ஒடுங்குகிறதா, சொறிகிறதா என்று பாருங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்க 2017 மத்திய விதிகள் அனுமதிப்பதில்லை. தாயைக் காட்ட மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். எந்த நாயானாலும் சென்னை மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம்.

ஏற்கெனவே வீட்டில் கிராஸ் வளர்ப்பவர்கள் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். தினமும் வேர்வரை சீவுங்கள், குளிப்பாட்டியதும் காதை உலரத் துடையுங்கள். அக்கா இப்போது அதைத்தான் செய்கிறார். முதல் மொட்டைக்குப் பிறகு அந்த நாய் சொறியாமல் ஓர் இரவு முழுக்கத் தூங்கியது.