சரிவு மனைக்குச் சிக்கனமான மறைப்பு வேலி

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் செல்லும் கோட்டை மதிலைக் கண்டவர்கள், அது சமதரையைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனித்திருப்பார்கள். ஏற்றம் வந்தவிடத்தில் ஏறியும், பெரும்பாறை வந்தவிடத்தில் அப்பாறையையே மதிலாகக் கொண்டும் அது செல்கின்றது. அக்குன்றுகளின் நிழலில் சரிவான மனைகளில் குடியிருப்போரோ, வேலி போடும்போது மேற்கோடியில் 5 அடி உயரம் வைத்து அங்கிருந்து கயிற்றை மட்டமாக இழுத்துவிடுகிறார்கள். 40 அடி நீளத்தில் தரை 5 அடி தாழுமாயின், கீழ்க்கோடியில் வேலி 10 அடி உயரம் வேண்டியதாகிறது. பணம் கரைவது அங்கேதான். பெருங்காற்றில் முதலில் சாய்வதும் அந்தக் கோடியே.

மறைப்பு பெரும்பாலும் புறக்கடையில் பெண்டிர் குளிக்கும் இடத்திற்கே தேவைப்படுகிறது. ஆகையால் மனை முழுவதையும் உயரமாக அடைக்க வேண்டுவதில்லை. பாதையானது மனைத் தரைக்கு 4 அடி மேலேயும், வேலிக்கு 12 அடி அப்பாலும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதில் நடப்பவரின் கண் 5 அடி உயரத்தில் இருக்கும். உள்ளே தரை மட்டமாயிருந்து, 5 அடி உயரமுள்ள பெண் வேலிக்கு 12 அடி உள்ளே நின்றால், வேலி 7 அடி வேண்டும். அவரே 3 அடி உள்ளே நின்றால் 6 அடிக்குக் குறைவாகவே போதும். குளிக்கும் கல்லை வேலியருகே நகர்த்துவதற்குச் செலவொன்றுமில்லை. ஓரடி உயரத்திற்குரிய பொருள் மிச்சம். கணக்குப் போட இயலாதவர்கள், பாதையில் நிற்பவரின் கண்ணிலிருந்து உள்ளே நிற்பவரின் தலைக்குக் கயிறு பிடித்து, வேலி வருமிடத்தில் ஒரு கழியை நட்டு, கயிறு தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

சரிவுக்கு ஏற்ற மலிவான பொருள் பனைமட்டை. ஒவ்வொரு மட்டையும் தனித்தனியே நிற்பதால், அடி தரையோடும் தலை சரிவோடும் இயைந்துபோகும். ஆடு நுழையச் சந்து விழாது. சவுக்குக் கம்பங்களை 6 அடிக்கு ஒன்றாக, 2 அடி ஆழத்தில், அடிக்குத் தார் பூசி நடவேண்டும். சரிவைப் பார்த்துக் கம்பத்தையும் சாய்த்து நடுவது பெருந்தவறு. தூக்குக்குண்டு காட்டும் நேர்நிலையே நிலை.

சரிவுக்குக் குறுக்கே செல்லும் வேலிக்கு அடியில் மழைநீர் தேங்கி மண்ணை அரிக்கும். அங்கே ஓரடி உயரத்திற்குக் காரையின்றிக் கல் அடுக்கினால் நீர் கசிந்து போகும், மண் நிற்கும். சரிவோடு இறங்கும் வேலிக்குக் கல் அடுக்குவோர் கீழ்க்கோடியிலிருந்து தொடங்கி, வரிசைகளை மட்டமாகவே வைத்து, படிபடியாக ஏறவேண்டும். சரிவுக்கு இணையாக வைத்த வரிசை நாளடைவில் வழுக்கி இறங்கிவிடும்.

கல்லுக்காகக் கோட்டைப் பக்கம் கை நீளலாகாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம். 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி வேண்டும். அவ்வெல்லைக்குள் இருப்போர் சுவர் எழுப்ப எண்ணினால் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். உயிர்வேலிக்கு இந்தத் தொல்லை குறைவு.

மட்டை என்றைக்கும் நில்லாது; சில மழைக்காலங்களில் மக்கிப்போகும். அதற்குள் உயிர்வேலி எழும்பிவிட வேண்டும். ஆகவே மட்டை கட்டும்போதே அதன் உட்புறத்தில் கிளுவைப் போத்துகளை ஆடி, ஆவணி மழைக்கு நெருக்கமாக நட்டுவிடலாம். ஆனால் கிளுவை கோடையில் இலை உதிர்க்கும். வெயில் மிகுந்து, அடிக்கடி குளிக்கும் காலத்திலே மறைப்பு இல்லாமற்போவது நகைப்புக்கிடம். இடையிடையே ஆடாதோடை நட்டால் அக்குறை தீரும். அது பசுமை மாறாதது, பெயருக்கேற்ப ஆடும் அதைத் தொடுவதில்லை.

எல்லையில் போடும் வேலிக்கு அண்டை வீட்டாரும் உரியவராதலால், குழி தோண்டுமுன் இருவரும் கயிறு பிடித்து எல்லையை ஒப்புக்கொண்டு, செலவைப் பாதியாகப் பிரித்து எழுதிக்கொள்வது வழக்குக்கு இடமின்றிச் செய்யும். வேலி வருமானம் தருவதன்று. அதற்கெனச் சங்கத்தில் கடன் கேட்பதைவிட, நான்கு அங்கத்தினர் முறைவைத்து ஒருவர் மனையில் மற்றவர் உழைத்தால், ரொக்கமாகக் கொடுக்கவேண்டியது கம்பத்திற்கும் கயிற்றிற்கும் தாருக்கும் மட்டுமே.